சேம அச்சு

சேலம், நாமக்கல் சமவெளியின் சரக்குப் போக்குவரத்து வரலாற்றை உமணரிடமிருந்து தொடங்குவதே முறை. அண்டை நாடான தகடூரை ஆண்ட அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 102ஆம் பாடலாக உள்ளது. அதில் உமணரின் உப்பு வண்டி வருகிறது. எருதுகளோ இளையவை, பாரமோ மிகுதி. மேடும் பள்ளமுமான வழியில் என்ன நேருமென்று யார் அறிவார்? ஆகவே வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்கின்றனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர்.

உமணர் ஏற்றியது உப்பு. அச்சு முறிந்தால் இழப்பு அவர்களோடு முடிந்தது. இன்று நாமக்கல் லாரிகள் ஏற்றிச் செல்வனவற்றுள் சமையல் எரிவாயுவும் ஒன்று. தென்மண்டல எரிவாயு டேங்கர் லாரி உரிமையாளர்களின் சங்கம் நாமக்கல்லில்தான் உள்ளது. தென்மாநிலங்களின் அடுப்பு எரிவதில் இவ்வூரின் பங்கு பெரிது. இந்தச் சரக்கு சிதறினால் துன்பம் லாரியோடு நிற்பதில்லை.

திரவ நிலையிலுள்ள எரிவாயு வெளிப்பட்டால் சுமார் 250 மடங்கு விரிகிறது. காற்றினும் கனமானது ஆதலால் மேலெழாமல் தரையையொட்டிப் பரவி, சாக்கடையிலும் தாழ்ந்த வாசல்களிலும் தேங்குகிறது. தொலைவில் எரியும் ஓர் அடுப்பே அதற்குப் போதும்.

2009 டிசம்பர் 31 அன்று கேரளத்தின் கருநாகப்பள்ளிக்கு அருகில் டேங்கர் லாரி விபத்தில் பற்றிய தீ 12 பேரைக் கொன்றது. 2012 ஆகஸ்டு 27 இரவு கண்ணூரை அடுத்த சாலா என்னும் ஊரில் மற்றொரு லாரி கவிழ்ந்து வெடித்தது. 20 பேர் மாண்டனர். இவர்களுள் பெரும்பாலோர் சாலையோர வீடுகளில் வாழ்ந்தவர்கள் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 1978 ஜூலை 11 அன்று ஸ்பெயினில் புரோப்பிலீன் ஏற்றிய லாரியொன்று விடுமுறை முகாமருகே வெடித்து 200க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அந்த லாரியில் அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றப்பட்டிருந்தது.

2025 ஜனவரி 3 அன்று விடியுமுன் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில், முன்பகுதியோடு இணைக்கும் பிடிப்பு விட்டு எரிவாயுக் கொள்கலன் ஒன்று கவிழ்ந்தது. உள்ளிருந்தது 18 டன். தீயணைப்பு வீரர்கள் இடைவிடாது நீர் பாய்ச்சினர்; போக்குவரத்து நிறுத்தப்பட்டது; அருகிலிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. ஓர் உயிரும் போகவில்லை. சரக்கு ஒன்றே, தீப்பொறி சேராமல் காத்ததே வேறுபாடு.

சட்டத்தில் குறையில்லை எனலாம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், அபாயச் சரக்கு ஓட்டுநருக்குத் தனிப்பயிற்சியும், வண்டியின் மேல் அவசரத் தகவல் பலகையும் வேண்டுமென்கின்றன. அப்பலகையில் 1075 என்ற எண்ணைக் கண்டால் அது எரிவாயு. ஆனால் அவ்வெண்ணின் பொருளை நெடுஞ்சாலையோரத்துச் சிற்றூர்களில் எத்தனை பேர் அறிவர்? கவிழ்ந்த லாரியைச் சூழ்ந்து வேடிக்கை பார்க்கும் நம் வழக்கம், இந்த அறியாமையோடு சேரும்போது உயிரைக் கேட்கிறது. காற்று வீசிவரும் திசை நோக்கி விலகுவது, அடுப்பையும் விளக்கையும் தொடாதிருப்பது, வண்டியை முடுக்காதிருப்பது, தொலைவில் சென்ற பின்னரே 112க்கோ எரிவாயுக் கசிவுக்கான 1906க்கோ அழைப்பது ஆகியவற்றைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிய வேண்டும்.

இனி, ஓட்டுநர். இரவெல்லாம் விழித்து ஓட்டுபவருக்கு மாற்று ஆள் வேண்டும். 2025 மார்ச்சில் டேங்கர் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, புதிய ஒப்பந்தத்தில் அவர்கள் எதிர்த்தவற்றுள் மாற்று ஓட்டுநர் இல்லாத லாரிக்கு அபராதம் என்பதும் ஒன்று. அவர்களை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. வாடகை ஒரு ஓட்டுநருக்கே கட்டுபடியாகும் என்றால், இரண்டாமவருக்கு யார் கூலி கொடுப்பது? அபராதம் விதிப்பவர்கள் அந்தக் கூலியையும் வாடகைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஔவையார் அப்பாட்டில் சேம அச்சுக்கு ஒப்பிட்டது உமணரை அன்று. நாட்டைக் காக்கும் பொகுட்டெழினியை. வழியில் நேரக்கூடியதை முன்னறிந்து தாங்குவது ஆள்வோர் கடமை என்று அன்றே கொள்ளப்பட்டது. அந்தப் பொறுப்பை ஓட்டுநரின் தூக்கமற்ற கண்களிடம் விட்டுவிடுவது அறமாகாது.