சோதனையை எதிர்த்து நிற்றல்: தமிழ்க் கிறிஸ்தவ மரபில்

கிறிஸ்தவப் போதனையில் சோதனை என்பது பாவத்துக்கு இழுக்கும் தூண்டுதல், அதுவே பாவமாகிவிடாது. அதை வெல்வது அவரவர் மன உறுதியைப் பொறுத்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள். வரலாற்றைப் பார்த்தால், முன்கூட்டிய பழக்கமும் உடன் நிற்பவர்களுமே அதைவிடப் பெரிய இடம் பெறுகின்றன. வனாந்தரத்தில் இயேசு பிசாசுக்குச் சொன்ன மூன்று பதில்களும் உபாகமத்திலிருந்து எடுத்தவை. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ், மனத்தைக் கெடுக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் மறுமொழியாக வேத வசனங்களைத் தொகுத்து வைத்தார்.

தமிழில் இந்தப் பயிற்சி அச்சுக்கு வந்தது 1580இல். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிய இயேசு சபைக் குரு அன்றீக் அடிகளாரின் ‘கொம்பெசியோனாயரு’, பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தமாகிறவர் தம் அன்றாட நடத்தையைத் தாமே கேள்வி கேள்வியாக விசாரித்துப் பார்க்க எழுதப்பட்ட நூல். சீர்திருத்தச் சபைகளில் குருவிடம் தனியே பாவம் அறிக்கையிடும் வழக்கம் வேரூன்றவில்லை; அவ்விடத்தைக் குடும்ப ஜெபமும் ஊர்ச் சபையைக் கவனித்த உபதேசியாரின் கண்காணிப்பும் நிரப்பின. 1854இல் மிஷனரி தாமஸ் ராக்லாந்து தொடங்கிய வடதிருநெல்வேலி ஊழியம் சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகளில் கூடாரமடித்து ஊர் ஊராக நகர்ந்தது. தெற்கத்திச் சபைகள் தங்கள் உபதேசிமாரை முறைவைத்து இங்கே அனுப்பின. ராக்லாந்து 1858இல் சிவகாசியில் இறந்தார்.

இதெல்லாம் வெளிக்கட்டுப்பாடு, உள்ளம் மாறாமலே ஒருவர் ஒழுங்காக நடந்து காட்டலாமே என்ற ஆட்சேபம் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. கேள்விப் பட்டியலுக்கு வாய் மட்டுமே பதில் சொல்லிவிட முடியும். ஆனால் உள்மனப் போராட்டத்தையே பொருளாகக் கொண்ட நூலும் துணையை விடவில்லை. வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் தோய்ந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, ஜான் பனியனின் 1678ஆம் ஆண்டுக் கதையைத் தழுவி இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளிவந்தது. பனியனின் மூலக்கதையில் மயக்கும் நிலத்தைக் கடக்கும்போது யாத்திரிகனோடு வரும் தோழனுக்குக் கண் சொருகுகிறது. யாத்திரிகன் அந்நிலத்தின் ஆபத்தை நினைவூட்டுகிறான். இருவரும் பேசிக்கொண்டே நடந்து தூக்கத்தை விரட்டுகிறார்கள். கடைசி ஆற்றில் யாத்திரிகன் மூழ்கப் போகையில் அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடிப்பதும் அதே தோழன்தான். ஆகவே கட்டுப்பாடு மனச்சான்றுக்கு எதிரி என்ற வாதம் பாதிதான் செல்லும். உபதேசியார் அதிகாரியாக மாறிய இடத்தில் அது முழுக்கச் செல்லும்.