விழுந்த மரங்களை அகற்றுவதில் சாதி: புயல் காலப் பணியும் சட்டம் தரும் உரிமைகளும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது, டெல்டா மாவட்டங்களின் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2016 டிசம்பர் 12 அன்று, வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களை ஒரே நாளில் வீழ்த்தியது. இரு பேரிடர்களிலும் முதல் வேலை ஒன்றாகவே இருந்தது: மரத்தை அறுத்து வழியைத் திறப்பது. வழி திறந்தால்தான் ஆம்புலன்ஸ் வரும், குடிநீர் லாரி வரும், மின்கம்பம் நடும் குழு வரும்.

எத்தனை மரங்கள் அகற்றப்பட்டன, எத்தனை இயந்திர வாள்களும் ஜேசிபிகளும் பயன்படுத்தப்பட்டன என்ற கணக்கை அரசு அறிக்கைகளில் காணலாம். எந்தத் தெரு எத்தனையாவது நாளில் திறக்கப்பட்டது, அறுத்தவர் யார், அவருக்கு என்ன கூலியும் பாதுகாப்பும் கிடைத்தன, மரத்துக்கான பணம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்ற கணக்கைக் காண்பது அரிது. இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றிலும் சாதி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் பதிலும் இருக்கிறது. அப்பதில்களை, அடுத்த புயலுக்கு முன்பே நம் மக்கள் கையில் வைத்திருக்க வேண்டிய வகையில், இங்கே தொகுத்துத் தருகிறோம்.

எந்தத் தெரு முதலில்?

நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்கு ஒரு சாலை, ஊரைத் தாண்டிக் காலனிக்கு ஒரு கிளைச்சாலை என்பதே தமிழ்நாட்டின் பல கிராமங்களில் நாம் காணும் அமைப்பு. நெடுஞ்சாலை, ஊர்ச்சாலை, பிறகு கிளைச்சாலை என்று பணி நகரும்போது, எவரும் சாதிப் பெயரை உச்சரிக்காமலேயே காலனி கடைசி இடத்துக்குப் போய்விடுகிறது. மின்சாரமும் அதே வரிசையில் திரும்புகிறது. பிரதான சாலைக்கு முன்னுரிமை என்ற விளக்கம் முதல் நாளுக்குப் பொருந்தும். ஊரின் உட்தெருக்களெல்லாம் திறந்த பிறகும் காலனிச் சாலை அடைபட்டுக் கிடந்தால் அந்த விளக்கம் செல்லாது.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 34ஆவது பிரிவு, மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு இடிபாடுகளை அகற்றும் அதிகாரத்தை வழங்குகிறது. அதே சட்டத்தின் 61ஆவது பிரிவு, இழப்பீடும் நிவாரணமும் வழங்குகையில் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. நிவாரணம் அரிசி மூட்டையோடு முடிந்துவிடுவதில்லை. அந்த அரிசி வந்து சேர வழியைத் திறப்பதும் நிவாரணமே என்பது நமது வாதம். நிதியில்லை என்ற பதிலையும் ஏற்க வேண்டியதில்லை. பொது இடங்களில் இடிபாடுகளை அகற்றும் செலவு, மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் விதிமுறைகளில் அனுமதிக்கப்பட்ட செலவினம்.

சாய்ந்து நிற்கும் மரம்

முழுவதும் விழுந்த மரத்தைவிட, வேர் பெயர்ந்து கூரையின் மீது சாய்ந்து நிற்கும் மரம் ஆபத்தானது. அது பெரும்பாலும் காலனியை ஒட்டிய நில உடைமையாளரின் வரப்பில் நிற்கும். கேட்கப் போனால் வசவு, கேட்காமல் வெட்டினால் திருட்டுப் புகார் என்ற அச்சத்தில் குடும்பங்கள் அதன் கீழேயே உறங்குகின்றன.

இதற்கென்றே ஒரு சட்டப்பிரிவு இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவு, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவு, விழுந்து காயம் விளைவிக்கக்கூடிய நிலையிலுள்ள மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ அதன் உரிமையாளருக்கு ஆணையிடும் அதிகாரத்தை நிர்வாக நடுவருக்கு அளிக்கிறது. மரம் தனியார் நிலத்தில் நிற்கிறது என்பது தடையல்ல. ஆபத்து உடனடியானதாக இருந்தால், விசாரணை முடியும்வரை காத்திராமல் 161ஆவது பிரிவின்கீழ் இடைக்கால ஆணை பிறப்பிக்கலாம். அதற்கும் உரிமையாளர் பணியாவிட்டால் நடுவரே ஆபத்தை நீக்க நடவடிக்கை எடுக்கலாம். கோட்டாட்சியரிடம் தரும் மனுவில் மரம் நிற்கும் இடம், சாய்ந்துள்ள திசை, அதன் கீழுள்ள வீடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி ஒளிப்படத்தை இணைத்தால் போதும்.

அறுப்பவர் யார்?

பெரும் பேரிடர் என்றதும் பிற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் வண்டிகளில் ஏற்றி வரப்படுகிறார்கள். 2015 சென்னை வெள்ளத்திலும் அதுவே நடந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கிராமங்களில் இதற்கு வேறொரு வடிவம் உண்டு. ஊர் வேலை என்று சொல்லிக் காலனி ஆண்களை அழைத்து மரம் அறுக்க வைப்பது, கூலி கேட்டால் புயல் நேரத்தில் கூலியா என்று கேட்பது.

அரசமைப்புச் சட்டத்தின் 23ஆவது கூறு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. பொது நோக்கத்துக்காகக் கட்டாயப் பணியை விதிக்க அரசுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. ஆனால் அப்பணியை விதிக்கையில் மதம், இனம், சாதி, வர்க்கம் ஆகியவற்றின் அடிப்படையில் மட்டும் பாகுபாடு காட்டக் கூடாது என்று அதே கூறின் இரண்டாம் உட்கூறு நிபந்தனை விதிக்கிறது. பட்டியல் சாதிகள் மற்றும் பட்டியல் பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவு, பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் வெட்டி வேலையோ கட்டாய வேலையோ செய்ய வைப்பதைக் குற்றமாக்குகிறது. அதிலும் அரசு விதிக்கும் பொதுப்பணிக்கு மட்டுமே விலக்கு. ஊர்ப் பெரியவரின் அழைப்பும் ஒப்பந்ததாரரின் மிரட்டலும் அந்த விலக்குக்குள் வரமாட்டா.

கூலி குறித்தும் தெளிவான தீர்ப்புகள் உள்ளன. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று 1982இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அடுத்த ஆண்டு சஞ்சித் ராய் வழக்கு வந்தது. ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்தில் பஞ்ச நிவாரணமாக நடந்த சாலைப் பணியில் ஈடுபட்டவர்களுள் பட்டியல் சாதிப் பெண்கள் பெருமளவில் இருந்தனர். நிவாரணப் பணிகளுக்குத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து விலக்களித்த ஒரு மாநிலச் சட்டத்தைக் காட்டி அவர்களுக்குக் குறைவான கூலி தரப்பட்டது. குறைந்தபட்சக் கூலியை மறுக்கும் அளவுக்கு அச்சட்டம் செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேரிடரால் நேர்ந்த கையறுநிலையைப் பயன்படுத்தி மலிவாக உழைப்பைப் பெற அரசுக்கு உரிமையில்லை. புயலுக்குப் பின் மரம் அறுப்பவர்களுக்கும் இந்தக் கோட்பாடு அப்படியே பொருந்தும்.

அறுப்பவரின் உயிர்

விழுந்த மரம் அசையாமல் கிடப்பதுபோல் தோன்றும். வளைந்து அழுந்திய கிளை, அறுபட்டதும் விசையுடன் எகிறும். வேர்மண்ணோடு பெயர்ந்த மரத்தின் தண்டைத் துண்டித்தால் வேர்ப்பகுதி திடீரெனப் பின்னோக்கிச் சாயலாம். கிளைகளுக்குள் மின்கம்பி சிக்கியிருக்கலாம். இயந்திர வாளுக்குத் தலைக்கவசம், கண்ணாடி, கையுறை, காலுறைக் காப்பு, பயிற்சி ஆகிய ஐந்தும் வேண்டும். மின்சாரம் துண்டிக்கப்பட்டதை மின்வாரிய ஊழியர் நேரில் உறுதிசெய்யும் முன் எவரும் மரத்தைத் தொடக் கூடாது. இவை தரப்படாத இடத்தில் வேலை செய்ய மறுப்பது கீழ்ப்படியாமை ஆகாது.

இறப்பு நேர்ந்தால் இரண்டு வெவ்வேறு உரிமைகள் எழுகின்றன. ஒன்று, மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து 4 லட்சம் ரூபாய். நிவாரணப் பணியில் ஈடுபட்டு இறந்தவர்களும் இதில் அடங்குவர் என்று விதிமுறையே சொல்கிறது. மற்றொன்று, வேலை அளித்தவர் தர வேண்டிய இழப்பீடு. 1923ஆம் ஆண்டுச் சட்டம் முதலே, ஒப்பந்ததாரர் மூலம் வேலை வாங்கினாலும் முதன்மை வேலையளிப்பவர் பொறுப்பிலிருந்து விலக முடியாது. நிவாரணத் தொகையைக் கொடுத்துவிட்டு இழப்பீட்டுக் கோரிக்கையைக் கைவிடுமாறு கையெழுத்து கேட்டால் குடும்பத்தினர் போடக் கூடாது. அறுந்து விழுந்த மின்கம்பியால் நேரும் மரணத்தில், தவறு எவருடையது என்று மெய்ப்பிக்காமலேயே மின்வாரியம் பொறுப்பேற்க வேண்டும் என்று 2002இல் மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

மரத்தின் பணம்

கஜாவுக்குப் பின் தமிழ்நாடு அரசு ஒரு தென்னைக்கு 600 ரூபாய் இழப்பீடும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரங்கள் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். விழுந்த தென்னையை விரைந்து அகற்ற வேண்டியது உண்மையே. மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி எஞ்சிய மரங்களையும் தாக்கும். ஆனால் அகற்றுவதற்கான 500 ரூபாயும் மரத்தின் உரிமையாளருக்கே உரியதாக இருந்தது. அறுத்த கைக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது அவரது விருப்பத்துக்கு விடப்பட்டது. காய் பறித்தும் மட்டை உரித்தும் கீற்று முடைந்தும் வாழ்ந்த நிலமற்ற குடும்பங்கள், புதிய கன்று காய்க்கும்வரை பல ஆண்டு வேலையை இழந்தன. மரத்தை எண்ணிய கணக்கில் அவர்களின் வேலைநாட்களுக்கு இடமில்லை.

பட்டா இல்லாத புறம்போக்கிலும் கோயில் நிலத்திலும் மரம் வளர்த்தவர்கள் கணக்கெடுப்பிலேயே விடுபடுகிறார்கள். புறம்போக்கு மரங்களின் பலனை அனுபவிக்க வழங்கப்படும் 2-சி மரப்பட்டா, அடங்கலில் உள்ள பதிவு, குத்தகைப் பதிவு ஆகியவற்றில் எது இருந்தாலும் அதைப் புயலுக்கு முன்பே பெற்றுப் பத்திரப்படுத்த வேண்டும்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

1. ஊர்த் தெருக்களும் காலனித் தெருக்களும் எந்த நாளில், எந்த நேரத்தில் திறந்தன, எப்போது மின்சாரம் வந்தது என்று இரண்டு பத்திகளில் குறியுங்கள்.
2. வேலைக்கு அழைத்தவர் பெயர், வேலை நேரம், தரப்பட்ட கூலி, கருவி ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள்.
3. மரத்தை அகற்றும் முன் ஒளிப்படம் எடுங்கள். அகற்றிய பின் கணக்கெடுப்பில் அது இருந்ததற்குச் சான்று இராது.
4. ஆட்சியருக்குத் தரும் மனுவில் 61ஆவது பிரிவைக் குறிப்பிட்டு, ஒப்புகை பெறுங்கள்.
5. பணி முடிந்ததும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் தெருவாரியான பணி வரிசையையும் கூலிப் பட்டியலையும் கேளுங்கள்.

தெருவாரியான பணி வரிசையை முன்கூட்டியே வெளியிட வேண்டும். பணியாளர் பெயரும் கூலியும் கொண்ட பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். அகற்றும் செலவை அறுத்தவரின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்த வேண்டும். மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் இந்த மூன்றையும் எழுதிச் சேர்க்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அத்திட்டம் ஆண்டுதோறும் மறுஆய்வு செய்யப்பட வேண்டும் என்று பேரிடர் மேலாண்மைச் சட்டமே சொல்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் அந்த மனு ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரின் மேசையிலும் இருக்க வேண்டும்.