நடுவில் பிரியும் டிராக்டர்

தொடக்கக் காலப் பண்ணை டிராக்டர்கள் பலவற்றில் எஞ்சின் ஓர் இரும்புச் சட்டத்தின்மேல் அமர்ந்திருந்தது. 1917இல் வந்த ஃபோர்டுசன் மாடல் எஃப் சட்டமில்லாமல் உருவானது. எஞ்சின், கியர்பெட்டி, பின் அச்சு ஆகியவற்றின் வார்ப்புகளே போல்ட்டுகளால் இணைந்து வண்டியின் உடலாயின. உற்பத்திச் செலவு குறைந்தது, பழுதுபார்ப்பவரின் வேலையோ மாறிப்போனது. எஞ்சினைத் தனியே தூக்கினால் வண்டி நிற்காது. முன்பாதிக்கும் பின்பாதிக்கும் தனித்தனியே முட்டுக் கொடுத்து, வண்டியை நடுவில் பிரிக்க வேண்டும்.

இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை தயாரான ஃபெர்குசன் டி.இ.20 வண்டியும் இவ்வகையே. ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்ற அதன் ஸ்டாண்டர்டு நிறுவன எஞ்சினில் ஒரு நல்ல வசதி இருந்தது: குளிர்நீர் நேரடியாகச் சுற்றியோடும், கழற்றக்கூடிய சிலிண்டர் லைனர்கள். தண்ணீரை வடித்து, சிலிண்டர் ஹெட்டை எடுத்து, கீழே ஆயில் சம்பைக் கழற்றினால் கனெக்டிங் ராடுகளை விடுவிக்கலாம். பிஸ்டன்களை மேல்வழியே உருவியபின், லைனரை அடியிலிருந்து மரக்கட்டையால் தட்டினால் போதும். துரு பிடித்திருந்தால் மட்டும் மல்லுக்கட்ட வேண்டும். சிலிண்டரை பிளாக்கிலேயே கடைந்த எஞ்சின்கள் தேய்ந்தால் பட்டறைக்குப் போயாக வேண்டும். இதையோ பண்ணைக் கொட்டகையிலேயே புதுப்பிக்கலாம். எந்த ராடு எந்த சிலிண்டருக்கு உரியது என்று குறித்துவைப்பது அலுப்பான வேலைதான், ஆனால் தவிர்க்கக் கூடாதது.

ஃபெர்குசனுடன் ஒரு ஸ்பானரும் கொடுத்தார்கள். உழவுச் சால் அளக்கும் அளவுகோலாகவும் அது பயன்பட்டது. ஃபெர்குசன் நிறுவனம் 1953இல் மாசி ஹாரிஸுடன் இணைந்து பின்னர் மாசி ஃபெர்குசன் ஆனது. அதன் கூட்டுறவுடன் 1960இல் சென்னையில் டாஃபே டிராக்டர் நிறுவனம் தொடங்கியது.