முத்துக்குளித்துறையும் மூச்சின் அளவும்

முத்துக்குளித்துறை எனப் பெயர் பெற்ற நம் கடற்கரையில் மூச்சே முன்னோரின் மூலதனமாக இருந்தது. தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் முத்துப் பார்களில் மூழ்கிச் சிப்பி எடுத்தனர். 1961-ஆம் ஆண்டுக்குப் பின் தூத்துக்குடியில் பெரும் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. தொழில் மறைந்தாலும் அது கற்பித்த பாடம் ஒன்று இன்றும் நமக்குத் தேவைப்படுகிறது.

குளிப்பவர் காலில் கல்லைப் பிணைத்துக்கொண்டு கீழே இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடம் அடித்தரையில் சிப்பி பொறுக்குவார். மூச்சு முட்டியதும் கயிற்றை அசைப்பார். தோணியில் கயிறு பிடித்திருப்பவர் உடனே மேலே இழுத்துவிடுவார். கல்லைப் பிடிக்கும் முறையையும் சிப்பி கிடக்கும் இடத்தையும் மூத்தவர்கள் சொல்லித்தரலாம். ஆனால் எவ்வளவு நேரம் கீழே நிற்பது என்பதை அவரவர் மூச்சே முடிவு செய்தது. பிறருடைய அளவைத் தன் அளவாகக் கொண்டவர் உயிரைப் பணயம் வைத்தார்.

இன்று நம் குடும்பங்களில் பலருக்கு உறக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் அப்னியா என்னும் நோய் இருக்கிறது. உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. பலத்த குறட்டையை ஆழ்ந்த உறக்கம் என எண்ணிவிடுகிறோம். முற்காலத்தில் கடுமையான நோயாளிகளுக்குத் தொண்டையில் துளையிடுவதே வழியாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர மருத்துவர் காலின் சல்லிவன், மூக்கின் வழியே இடைவிடாது காற்றழுத்தம் செலுத்தி அப்பாதையைத் திறந்து வைக்க முடியும் என்று 1981-இல் லான்செட் இதழில் அறிவித்தார். அவர் குறிப்பிட்ட ஐந்து நோயாளிகளுக்குத் தேவைப்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீரளவு. அதுவே இன்றைய சிபேப் இயந்திரத்தின் தொடக்கம்.

இந்த அழுத்தம் நீரின் உயரத்தால் அளக்கப்படுகிறது. பெரும்பாலான இயந்திரங்களின் உச்ச அளவு 20 சென்டிமீட்டர்; ஒரு சாண் நீருக்கும் குறைவு. இவ்வளவு சிறியதுதானே என்று, “உங்களுக்கு எத்தனை வைத்திருக்கிறார்கள்?” எனக் கேட்டு, உறவினரின் எண்ணையே தம் இயந்திரத்திலும் வைத்துக்கொள்வோர் உண்டு. அழுத்தம் குறைந்தால் மூச்சுத்தடை தொடரும். மிகுந்தால் வயிற்றில் காற்று நிறையும், உறக்கம் கலையும். சிலருக்கு வேறுவகை மூச்சுத்தடையும் உண்டாகும். குளிப்பவராவது கயிற்றை அசைத்தார். உறங்குபவரால் அதுவும் இயலாது. ஆகவே உறக்கப் பரிசோதனையும் இயந்திரத்தின் இரவுப் பதிவும் மருத்துவரின் கண்ணுமே அவருக்குக் கயிறு. குறட்டையையும் திணறலையும் கேட்கும் வீட்டாரும் அக்கயிற்றைப் பிடித்திருப்பவரே.

அனுபவசாலிகளின் சொல் பயனற்றது என்பது இதன் பொருளன்று. முகமூடி காற்றுக் கசியாமல் அமைய வாரை எப்படிச் சரிசெய்வது, வாய் உலர்ந்தால் ஈரப்பதக் கலத்தை எப்படிப் பயன்படுத்துவது, வடிகட்டியை எப்போது மாற்றுவது ஆகியவற்றை அவர்களிடம் கேட்டறியலாம். மனம் சோர்ந்து இயந்திரத்தை ஒதுக்கி வைத்தவரை மீண்டும் அணியச் செய்வது அவர்களின் ஊக்கமே. அழுத்தத்தின் எண்ணை மட்டும் மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும்.

மருத்துவம் அறியாதவர் சிகிச்சை செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்பது ஃபிக்ஹுச் சட்டம். நல்லெண்ணத்துடன் எண் சொல்பவரும் இதை நினைவிற்கொள்ள வேண்டும். உடலும் மூச்சும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அறிந்தவரிடம் கேட்டு அதைக் காப்போமாக. நம் இல்லங்களில் நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் ஷிஃபாவையும் நிம்மதியான உறக்கத்தையும் அருள்வானாக. ஆமீன்.