கணக்கில் அடங்காத மேகம்

ஒலுவிலில் பிறை பார்க்கப் போகிறவர் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். கிழக்கே விரிந்து கிடப்பது வங்காள விரிகுடா. பிறை தென்படுவதோ மேற்கில், தென்னைகளுக்கும் வயல்வெளிகளுக்கும் அப்பால். 29ஆம் நாள் மஃரிபு நேரத்தில் மேற்கு வானம் மூடிக்கிடந்தால் மாதத்தை 30 நாட்களாகப் பூர்த்தி செய்துகொள்ள வேண்டும் என்பது மார்க்கம் வகுத்த முறை. மேகத்துக்கென்றே ஒரு விதியை முன்கூட்டி வைத்திருப்பவர்கள் இக்கரையோரத்து மக்கள். வானியல் ஆய்வாளர்களுக்கு அத்தகைய சலுகை என்றைக்கும் கிடைத்ததில்லை. அவர்களுடைய வரலாற்றில் மேகம் செய்த அழிச்சாட்டியங்களைத் தொகுத்தால் தனி நூலே ஆகும். அவற்றுள் இரண்டு நம்முடைய நிலத்தில் நடந்தவை.

முதலாவது பாண்டிச்சேரியில். சூரியனின் முகத்தை வெள்ளிக் கோள் கடந்து செல்வதை அளப்பதற்காக 1760இல் பிரான்சிலிருந்து கப்பலேறினார் லெ ஜாந்தி என்ற வானியலாளர். அவர் வந்து சேர்வதற்குள் பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூன் 6ஆம் திகதி நிகழ்வை ஆடும் கப்பலின் தளத்திலிருந்து பார்த்தார். அளவை எதற்கும் உதவவில்லை. அடுத்த நிகழ்வுக்காக எட்டு ஆண்டுகள் கீழைக் கடல்களிலேயே தங்கிவிட்டார். 1768இல் மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமாகியிருந்த பாண்டிச்சேரிக்கு வந்து, கோட்டைக்குள் ஓர் ஆய்வுகூடம் அமைத்துக் காத்திருந்தார். 1769 மே மாதத்துக் காலைப் பொழுதுகள் துலக்கமாக இருந்தன. ஜூன் 4ஆம் திகதி காலையில் மேகம் கவிந்தது. வெள்ளி கடந்து முடிந்த பிறகு சூரியன் வெளியே வந்தது. அவர் முதலில் தங்க விரும்பிய மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்தது என்பதுதான் கொடுமை. 1771இல் நாடு திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாகவே கருதி, கல்விக்கழகத்தில் அவருடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

காத்திருந்த அந்தக் காலத்தில் லெ ஜாந்தி ஓர் அரிய காரியம் செய்தார். சோழிகளைத் தரையில் பரப்பிச் சந்திர கிரகணத்தைக் கணித்த தமிழ்க் கணிதரிடம் அந்த முறையைக் கேட்டறிந்து ஐரோப்பாவுக்கு எழுதினார். மனப்பாடமான வாய்பாடுகளையும் சோழிகளையும் கொண்டு கிரகண நேரத்தைச் சொல்லிவிடும் திறன் இங்கிருந்தது. கிரகணத்தன்று வானம் மூடியிருக்குமா என்று சொல்ல உதவும் சோழி எவரிடமும் இருக்கவில்லை.

இரண்டாவது நிகழ்வு இலங்கையில், 1955 ஜூன் 20ஆம் திகதி. இருபதாம் நூற்றாண்டின் மிக நீண்ட முழுச் சூரிய கிரகணம் அது. பிலிப்பைன்சுக்கு மேற்கே கடலில் முழுமறைப்பு 7 நிமிடம் 8 விநாடி நீடித்தது. இலங்கையில் காலை வேளையில் ஏறத்தாழ 4 நிமிடம். வெளிநாட்டு ஆய்வுக் குழுக்கள் கருவிகளுடன் வந்திறங்கிப் பொலன்னறுவைப் பகுதியில், குறிப்பாக ஹிங்குராக்கொடையில், முகாமிட்டன. மக்களிடையே வேறொரு பரபரப்பு. கிரகண நேரத்தில் வசம்பு சேர்ந்த ஒரு கலவையைக் குடித்தால் மேனி சிவக்கும் என்ற பேச்சை நம்பிக் குடித்துப் பலர் நோயுற்றார்கள். அந்தக் கதை இன்னும் நினைவில் இருக்கிறது; ஆய்வாளர்கள் ஏமாந்து திரும்பிய கதைதான் மறந்துபோய்விட்டது. அன்று காலை பெரும்பாலான முகாம்களின் மீது மேகம் கவிந்து, பல மாத உழைப்பு வீணாயிற்று.

அவர்கள் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். ஜூன் மாதத்துத் தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, மறுபுறம் வறண்டு இறங்குகிறது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையிலும் ‘கச்சான்’ என்று நாம் அழைக்கும் காற்று அதுவே. கொழும்பில் குடை பிடிக்கும் மாதத்தில் ஒலுவிலில் புழுதி பறக்கும். பொலன்னறுவையும் அதே உலர் வலயம். ஆகவே மழைப் பதிவேட்டைப் பார்த்தால் அந்த இடம் சரியானதே. ஆனால் மழைமானி மழையை மட்டுமே அளக்கும். ஒரு துளியும் சிந்தாமல் தலைக்கு மேலே கடந்து போகும் மேகத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. சராசரி வேறு, குறித்த ஒரு காலையின் நிலைமை வேறு. அந்தக் காலையை முன்னறியும் வசதி 1955இல் உலகில் எங்கும் போதிய அளவில் இருக்கவில்லை. கணினியால் வானிலையைக் கணிக்கும் முதல் முயற்சி 1950இல்தான் அமெரிக்காவில் நடந்திருந்தது. மேகங்களை மேலிருந்து படமெடுத்த முதல் வானிலைச் செயற்கைக்கோளான டைரோஸ்-1 ஏவப்பட்டது 1960 ஏப்ரல் 1ஆம் திகதி.

இலங்கையின் வளிமண்டலவியல் திணைக்களமே கொழும்பு வானாய்வு நிலையத்தின் வழித்தோன்றல்தான். நட்சத்திரமும் மழையும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலம் அது. பிற்காலத்தில் வானிலை அறிவு வயலுக்கும் கடலுக்கும் விமானத்துக்கும் சேவகம் செய்யப் போனது. அதில் குறை காண முடியாது. 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளியைக் கண்ட கிழக்குக் கரைக்கு எது முதன்மையானது என்பதில் விவாதமில்லை.

வானம் பார்ப்பவர்களுக்கென்றே தனியாக முன்னறிவிப்பு வந்தது பின்னாளில்தான். கனடிய வானிலை மையத்தின் கணினித் தரவுகளைக் கொண்டு அட்டில்லா டாங்கோ என்பவர் அமைத்த ‘கிளியர் ஸ்கை சார்ட்’ மேகம், ஒளி ஊடுருவல், காற்றின் அமைதி ஆகியவற்றை மணிவாரியாக வண்ணக் கட்டங்களில் காட்டுகிறது. டொரன்டோவில் வீட்டு முற்றத்தில் தொலைநோக்கி வைத்திருக்கும் தமிழருக்கு அது கைகொடுக்கும். அதன் எல்லை வட அமெரிக்காவுடன் முடிகிறது. 2005இல் சீனாவில் தொடங்கிய ‘செவன்டைமர்’ உலகம் முழுவதற்கும் கணித்துத் தருவதால் ஒலுவில்காரருக்கு அதுவே பயன்படும்.

பயன்படும் என்றாலும் வெப்பவலய வானத்தில் அதை அப்படியே நம்புவதற்கில்லை. மேலைநாட்டு மேகம் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலமுள்ள திரையாக வருகிறது. கணினிக்கு அது எளிதில் பிடிபடும். நம்முடைய மாலை மேகமோ வெயிலில் சூடேறிய நிலத்தின் மேல் சிறிய கோபுரமாக எழுந்து, ஓர் ஊரை நனைத்து அடுத்த ஊரை விட்டுவிடும். உலகக் கணிப்பு மாதிரிகளின் கட்டம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 கிலோமீற்றர். அதற்குள் ஒலுவிலும் அடங்கும், பக்கத்து ஊர்களும் அடங்கும். எனவே இங்கே முன்னறிவிப்பைக் கொண்டு நாளைக் குறிக்கலாம். மணியைக் குறிப்பதற்குச் செயற்கைக்கோள் படத்தில் மேகம் எத்திசையில் நகர்கிறது என்று பார்ப்பதே மேல். கச்சான் காலத்தில் மாலை இடிமேகம் கரைந்து, இரவில் தரைக்காற்று கடலை நோக்கி வீசத் தொடங்கிய பின் வளவில் தொலைநோக்கியை வைத்தால் பலனுண்டு. ஏழு பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், மே மாத முன்னிரவில் ஐரோப்பியர் காணாத தென்சிலுவையும் ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்தும் இங்கே நன்றாக உயர்ந்து நிற்கும். வாடைக்காற்று வீசும் டிசம்பரில் கருவியைப் பெட்டிக்குள் வைத்திருப்பதே நல்லது. மழை இல்லாத இரவிலும் கண்ணாடியில் ஈரம் படியும்.

2031 மே 21ஆம் திகதி கங்கண சூரிய கிரகணம் ஒன்று தென்னிந்தியாவையும் இலங்கையின் வடமுனையையும் கடந்து செல்லும். ஒலுவிலில் அது பகுதிக் கிரகணமாகத் தெரியும். மே மாதத்தின் அந்தப் பிற்பகுதியில்தான் தென்மேற்குப் பருவக்காற்றும் வழக்கமாக இலங்கையை எட்டுகிறது.