கணிப்பொறி மேற்படிப்பு: கதவுகளின் வரலாறு

நீலகிரி மலைக்கும் நம் மக்களின் விழிப்புணர்ச்சி வரலாற்றுக்கும் உள்ள தொடர்பு பழமையானது. கோயம்புத்தூரில் பயின்ற பெரியவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் இம்மலையில் ஐரோப்பியர் வாணிக நிலையத்தில் கணக்கராகப் பணியாற்றினார். 1890-இல் சென்னை சென்றார்; 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார்; 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தார். அன்று இம்மலையில் கணக்கு எழுதினார் அவர். இன்று அவர் வழிவந்த இளைஞர் கணிப்பொறி கற்க விழைகின்றனர். எந்த மேற்படிப்பு என்பதே அவர்தம் வினா.

இவ்வினாவுக்கு அண்ணலின் வாழ்வே முதற் பாடம். பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் 1913-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் சேர்ந்தார். 1915-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1916-இல் இலண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917-இல் படிப்பை நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. எனினும் அவர் அதைக் கைவிடவில்லை. பம்பாயில் பேராசிரியராகப் பணியாற்றிப் பொருள் சேர்த்து, 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார், 1923-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். படிப்பைத் தேர்வோர் அதன் ஆண்டுகளையும் அதற்கான பணத்தையும் முதலிலேயே எண்ண வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

நம் நாட்டில் கணிப்பொறிக் கல்வி மெல்ல வளர்ந்தது. 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 1620 இயந்திரம் வந்தது. 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் கணிப்பொறித் துறை தோன்றியது. தொடக்கத்தில் இக்கல்வி பெரும்பாலும் பொறியியல் கற்றோருக்கே கிட்டியது. 1980-களில் பரவிய எம்.சி.ஏ. படிப்பே பி.எஸ்ஸி. முதலிய பட்டம் பெற்றோர்க்கும் கதவு திறந்தது. நம் உதகை அரசு கலைக்கல்லூரி போன்றவற்றில் பயிலும் ஏழை மாணவர்க்கு இது பெரும் வாய்ப்பாகும்.

அக்கதவின் திறவுகோல் கணிதம். தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் எம்.சி.ஏ. சேர்வதற்கான பொதுத்தேர்வுக்குப் பட்டப்படிப்பில் கணிதமோ புள்ளியியலோ பயின்றிருத்தல் வேண்டும். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து வந்த என் மாணவர் ஒருவர், கடினம் என்று பலர் அச்சுறுத்தியதால் மேல்நிலையில் கணிதத்தை விட்டார், பட்டப்படிப்பிலும் கணிதமில்லை. விண்ணப்பிக்கும் நாளில்தான் கதவு மூடியிருப்பதை அறிந்தார். அன்று அவரைத் தடுத்து நிறுத்தாத குற்றம் எனக்கும் உண்டு.

ஆகவே இளைஞர்களே, பெயரையும் அண்மையையும் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர். எம்.சி.ஏ. படிப்பு 2020-21 முதல் பொதுவாக இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. சில கழகங்களில் மூன்றாண்டு நீடிப்பதால் விசாரித்தறிக. எம்.சி.ஏ. அல்லது எம்.எஸ்ஸி. முடித்து, ‘கேட்’ தேர்வெழுதி எம்.டெக். சேர்வோர்க்கு அரசுக் கழகங்களில் மாதம் ரூ.12,400 உதவித்தொகை உண்டு. ஆசிரியப் பணியோ ஆராய்ச்சியோ விரும்புவோர் அவ்வழியை நோக்குக. குடும்பத்தை உடனே தாங்க வேண்டியோர் எம்.சி.ஏ.யுடன் வேலைக்குச் செல்வதும் இழிவன்று.

அண்ணல் வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944-இல் தொடங்கிய பட்டியலினத்தார் உதவித்தொகைத் திட்டம் இன்றும் உங்களுக்கு உண்டு. அதைக் கேட்டுப் பெறுக; ஒன்பதாம் வகுப்பிலேயே கணிதத்தைப் பற்றிக்கொள்க. வெள்ளி விழாக் காணும் நம் கழகத்திற்கு நீங்கள் அளிக்கும் சிறந்த காணிக்கை அதுவே.