வீடு பார்க்க வந்திருக்காங்க!

'கொஞ்சம் கதவைத் திறம்மா, வீடு பார்க்க வந்திருக்காங்க!' என்று வீட்டுக்காரர் குரல் கொடுப்பார். நீங்கள் பாதிச் சாப்பாட்டில் இருப்பீர்கள். முன்பின் தெரியாத நாலு பேர் அடுப்பங்கரை வரை வந்து எட்டிப் பார்ப்பார்கள். வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு இது பழகிப்போன சங்கடம்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் சங்கடம் இரட்டிப்பு. நெசவாளிக்கு வீடேதான் பட்டறை. கூடத்தில் குழித்தறி, அதில் பாதி நெய்த பட்டுச்சேலை. வருகிறவரும் நெசவாளி என்றால், முதலில் அளந்து பார்ப்பது அந்தத் தறிக்குழியைத்தான்!

சட்டம் என்ன சொல்கிறது? இரண்டாம் உலகப்போர் சமயம், 1941-ல் சென்னை மாகாணத்துக்கு வாடகைக் கட்டுப்பாடு வந்தது. பிறகு 1946, 1949, 1960 என்று வரிசையாகச் சட்டங்கள். அவற்றின் கவலை பெரும்பாலும் இரண்டுதான்: நியாய வாடகை, காலி செய்வது.

2017-ல் இயற்றி, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழகச் சட்டம் வாசற்கதவையும் கவனித்தது. வீட்டுக்காரர் உள்ளே வர 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்லவேண்டும். பழுது பார்க்க வரலாம், வீட்டைப் பரிசோதிக்க வரலாம். மற்றபடி, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் நியாயமான காரணம் வேண்டும்.

சிக்கலே அங்கேதான். அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு வாய்வார்த்தையில் குடிபோகிறவர் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? அடுத்த முறை எழுதி வாங்குங்கள். ஆளைக் கூட்டிவரலாமா, எந்த நேரத்தில் என்பதையும் சேர்த்து!